பொங்கல் இடைவெளியில் பெயிண்டிங் காண்ட்ராக்டர் பார்க்க வேண்டிய கணக்கு

கேள்வி இது: "ஆறு ஆட்களை வைத்து வீடுகளுக்கு ரீபெயிண்டிங் வேலை எடுத்துச் செய்கிறேன். ஆயுத பூஜையில் தொடங்கி போகி வரை ஓய்வே இல்லை. இப்போது ஆட்கள் ஊருக்குப் போய்விட்டார்கள், பத்து நாள் வேலை கிடையாது. வருடம் முழுக்க வேலை இருந்தும் கையில் காசு நிற்கவில்லை. பெயிண்ட் விலை ஏறியதுதான் காரணமா? இந்த இடைவெளியில் என்ன செய்தால் நல்லது?"

பெயிண்ட் விலை காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. விலை ஏறினால் நீங்களும் ரேட்டை ஏற்றியிருப்பீர்கள். இந்தத் தொழிலில் காசு போகும் வழி பெரும்பாலும் முடித்துக் கொடுத்த வீட்டுக்குத் திரும்பப் போவதுதான். டச்சப்புக்கு (விட்டுப்போன, கெட்டுப்போன இடத்தில் மட்டும் தொட்டுப் பூசுவதற்கு) ஒரு தடவை, பாத்ரூம் பின்சுவர் பொங்கிவிட்டது என்று ஒரு தடவை, கேட் துருவுக்கு ஒரு தடவை. அந்த நாட்களுக்குக் கூலி நீங்கள் கொடுக்கிறீர்கள், உங்களுக்கு யாரும் கொடுப்பதில்லை. நோட்டிலும் அது ஏறுவதில்லை. அதனால் இந்தப் பத்து நாளில் முதல் இரண்டு நாளை டப்பா எண்ணுவதில் செலவழிக்காமல் பழைய வேலைகளைத் திருப்பிப் பார்ப்பதற்கு வையுங்கள்.

ஒரு நீள நோட்டை எடுத்து, வருடத்தில் செய்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி போடுங்கள். சொன்ன தொகை, வந்த தொகை, எத்தனை ஆள்-நாள் (ஓர் ஆள் ஒரு நாள் செய்யும் வேலை) என்று நினைத்து ரேட் சொன்னீர்கள், உண்மையில் எத்தனை ஆள்-நாள் ஆனது, எத்தனை லிட்டர் போனது, எத்தனை முறை திரும்பப் போனீர்கள், எதற்காக. சம்பள நோட்டு, கடை பில், போனில் இருக்கும் வாட்ஸ்அப் படங்களின் தேதி இந்த மூன்றையும் வைத்தாலே முக்கால்வாசி விவரம் கிடைத்துவிடும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 900 சதுர அடி கார்பெட் ஏரியா (சுவர்களுக்குள் புழங்கும் தரைப்பரப்பு) உள்ள வீடு என்று வையுங்கள். உள்சுவரும் சீலிங்கும் சேர்த்துப் பெயிண்ட் படும் பரப்பு அதைப் போல மூன்று, மூன்றரை மடங்கு வரும். 3,000 சதுர அடி என்றே வைப்போம். எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயிண்ட்) இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 110 சதுர அடி என்று பிடித்தால் 27 லிட்டர் சொச்சம். 33 லிட்டர் போயிருந்தால் 6 லிட்டர் கூடுதல். லிட்டர் 300 ரூபாய் என்றால் இழப்பு 1,800. அதே வீட்டில் 24 ஆள்-நாள் என்று நினைத்தது 33 ஆகியிருந்தால், கூலி 1,000 என்ற கணக்கில் 9,000 போயிற்று. பிறகு இரண்டு பேர் மூன்று முறை அரை நாள் போய் வந்திருந்தால் இன்னும் 3,000, பெட்ரோல் தனி. பெயிண்டை மிச்சம் பிடிக்கத் தண்ணீரை ஊற்றும் பழக்கம் ஏன் நஷ்டக் கணக்கு என்பது இதில் தெரிந்துவிடும். நூறு இருநூறு ரூபாய் பெயிண்டைக் காப்பாற்றப் போய் மூன்றாவது கோட்டுக்கு இரண்டு ஆள்-நாள் அழுவது.

லிட்டருக்கு இத்தனை சதுர அடி என்று கம்பெனி அட்டையில் போட்டிருப்பது சமமான, உறிஞ்சாத பரப்பில் எடுத்த அளவு. பெயிண்டுக்கு முன் சுவரைச் சமமாக்கப் பூசும் பட்டிக்கும் அப்படித்தான். வெள்ளை சிமென்ட் பட்டி இரண்டு கோட்டுக்குக் கிலோவுக்கு 20 சதுர அடி என்ற கணக்கு நல்ல பூச்சில்தான் நிற்கும். மேடு பள்ளமான மணல் பூச்சில் 12-க்கு இறங்கிவிடும். உங்கள் ஆட்கள் கையில், உங்கள் ஊர்ச் சுவரில் என்ன வருகிறது என்பதுதான் அடுத்த வருட ரேட்டுக்கு வேண்டிய எண். பழைய டிஸ்டம்பர் (சுண்ணாம்புப் பொடி போன்ற மலிவான சுவர்ப்பூச்சு) வீடு, பட்டி பார்த்த வீடு, பட்டி பார்க்காத வீடு என மூன்று எண் எழுதி வைத்தால் போதும்.

இனி அந்தத் திரும்பப் போன பட்டியல். பெரும்பாலும் ஐந்தாறு காரணங்கள்தான் மாறி மாறி வரும்.

முதலாவது ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரத்துக்கு, அல்லது பாத்ரூமுக்குப் பின்பக்கம், பெயிண்ட் குமிழ் விட்டு, விரல் வைத்தால் மாவு மாதிரி உதிரும். செங்கல்லிலும் மணலிலும் கட்டும்போது ஊற்றிய தண்ணீரிலும் இருந்த உப்பு ஈரத்தோடு மேலே வருகிறது. ஈரம் காற்றில் போய்விடும், உப்பு படிகமாகி நின்றுவிடும். அந்தப் படிகம் வளரும்போது பட்டியையும் பெயிண்டையும் சேர்த்துத் தள்ளும். உப்பு போர்த் தண்ணீரில் கட்டிய கடலோர வீடுகளில் இது அதிகம். இதன் மேல் எத்தனை விலையுள்ள பெயிண்டை அடித்தாலும் மறுபடி உரியும். 'வாட்டர் ப்ரூஃப்' என்று எழுதிய கோட்டை உள்பக்கம் அடித்தால் ஈரம் இன்னும் இரண்டு அடி மேலேறிப் புது இடத்தில் வெளியே வரும்.

செய்ய வேண்டியது பெயிண்டருடைய வேலைக்கு முன்னால் இருக்கிறது. இரவில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மேல்தொட்டியின் மட்டத்தைக் குறித்து, காலையில் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால் குழாயில் கசிவு. குறையவில்லை என்றால் பாத்ரூம் டைல்ஸ் இணைப்புகளைச் சந்தேகப்படலாம். காரணத்தைச் சரிசெய்த பிறகு, கெட்டுப்போன பூச்சை ஓதம் தெரியும் கோட்டுக்கு மேல் ஓர் அடி வரை கொத்தி எடுத்து, நீர்த்தடுப்புக் கலவை சேர்த்துப் பூசி, நன்றாகக் காயவிட்டுத்தான் பட்டி. புதுப்பூச்சுக்கு 28 நாள் என்பது சும்மா சொன்ன கணக்கு அல்ல. சிமென்டின் காரமும் ஈரமும் குறைய அத்தனை நாள் வேண்டும். சந்தேகம் இருந்தால் இரண்டடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். உள்ளே வியர்த்திருந்தால் இன்னும் நேரம் ஆகவில்லை.

வீட்டுக்காரர் அத்தனை நாள் காத்திருக்க மாட்டார் என்பது உண்மை. அப்படியானால் அந்தச் சுவரைப் படம் எடுத்து, 'இந்தச் சுவருக்கு மட்டும் பொறுப்பு இல்லை' என்று கொட்டேஷனிலேயே எழுதிவிடுங்கள். வாயால் சொன்னது ஆறு மாதத்தில் இரண்டு பேருக்கும் மறந்துபோகும்.

இரண்டாவது, தோல் மாதிரி உரிந்து தொங்குவது. பழைய சுண்ணாம்பு அல்லது டிஸ்டம்பர் மேல் நேராக எமல்ஷன் ஏறியிருக்கும். புதுப் பெயிண்டின் பிடி பலமாகத்தான் இருக்கிறது. அது பிடித்த அடிப்படைதான் சுவரைப் பிடிக்கவில்லை. கறுப்புத் துணியால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளை மாவு ஒட்டினால் சுரண்டியே ஆக வேண்டும். பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி, செலோடேப்பை ஒட்டி வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பது இன்னும் நல்ல சோதனை. இதை அளவெடுக்கப் போகும் அன்றே செய்தால் சுரண்டும் கூலியை ரேட்டில் சேர்க்கலாம். வேலை தொடங்கிய பிறகு கண்டுபிடித்தால் அது உங்கள் கைக்காசு.

வெடிப்புகளில் இரண்டு ஜாதி. பூச்சில் வலைபோல் ஓடும் மயிரிழை வெடிப்பைப் பட்டியே மூடிவிடும். பீமுக்கும் செங்கல் சுவருக்கும் நடுவில் நேர்கோடாக ஓடுவதைப் பட்டி மூடாது. இரண்டு பொருளும் வெயிலில் வேறு வேறு அளவில் நீண்டு சுருங்குவதால் அடுத்த கோடையில் அதே இடத்தில் திறக்கும். அதை வி வடிவில் கீறி, தூசி தட்டி, இழுபடும் தன்மையுள்ள கிராக் ஃபில்லர் வைத்து, மேலே ஃபைபர் வலை ஒட்டி அதன்மேல்தான் பட்டி போக வேண்டும்.

இரும்பு வேலையில் வரும் புகார் பெரும்பாலும் அவசரத்தால் வருவது. துருவைச் சுரண்டிய கம்பியை அன்றே ப்ரைமர் அடிக்காமல் மறுநாள் வரை விட்டால், பனியிலேயே புதுத் துரு பிடித்துவிடும். எனாமலை (இரும்புக்கும் மரத்துக்கும் அடிக்கும் எண்ணெய் பெயிண்ட்) கனமாக ஒரே கோட்டில் முடிக்கப் பார்த்தால் மேல்தோல் மட்டும் காய்ந்து சுருங்கும். புது ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாயிலும் கிரில்லிலும் எனாமல் பொட்டுப் பொட்டாகக் கழன்று வருவது வேறு கதை: எனாமலில் உள்ள எண்ணெய் துத்தநாகத்தோடு சேர்ந்து அடியில் சோப்பு மாதிரி ஒரு படலம் ஆகிவிடுகிறது. ஜிஐக்கென்று இருக்கும் ப்ரைமர் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். சாதாரண இரும்புக்கு அடிக்கும் ரெட் ஆக்சைடு ப்ரைமர் அதற்குப் பதில் ஆகாது.

வெளிச்சுவரில் தெற்கும் மேற்கும் வெளுத்துப் போனது என்றால் ஷேடைப் பாருங்கள். காவி, மண் நிறம், பழுப்பு போன்றவை இரும்பு ஆக்சைடு நிறமிகளில் வருவதால் வெயிலைத் தாங்கும். பளிச்சென்ற சிவப்பும் மஞ்சளும் ஊதாவும் அப்படியல்ல. ஷேடு கார்டிலேயே சிலவற்றை வெளிப்புறத்துக்கு வேண்டாம் என்று குறித்திருப்பார்கள். வீட்டுக்காரர் பிடிவாதமாகக் கேட்டால் நிழல் விழும் பக்கத்துக்குத் திருப்பிவிடுங்கள். சன்ஷேடிலும் கைப்பிடிச் சுவரிலும் கறுப்புப் பாசி திரும்ப வந்திருந்தால், பெயிண்டுக்கு முன் அதைக் கொல்லாமல் தேய்த்து மட்டும் விட்டிருப்பார்கள். ப்ளீச்சிங் பவுடர் கரைசலை அடித்து அரை மணி நேரம் ஊறவிட்டு, கழுவிக் காயவிட வேண்டும். அதோடு ஆசிட் சேர்க்கக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

டச்சப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ரோலரில் உருட்டிய சுவரில் பிரஷ்ஷால் ஒரு பொட்டு வைத்தால், அதே டப்பாப் பெயிண்டாக இருந்தாலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் திட்டாகத் தெரியும். தண்ணீர் அளவு மாறினாலும் தெரியும். மிஷினில் இரண்டாவது தடவை கலந்த டப்பா என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு சுவருக்கு வேண்டியதை எல்லாம் முதலிலேயே ஒரே பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துகொள்வதும், தண்ணீர் சேர்க்கும் முன் அதிலிருந்து அரை லிட்டரை எடுத்து மூடி வைப்பதும் இதற்கு மருந்து. மூடியில் ஷேடு நம்பர், எந்த பேஸ் (நிறம் கலக்கும் முன் இருந்த அடிப் பெயிண்ட்), தேதி, எந்த அறை என்று மார்க்கரால் எழுதுங்கள். அப்படியும் திட்டாகத் தெரிந்தால் மூலையிலிருந்து மூலை வரை அந்த ஒரு சுவரை முழுசாக ஓட்டிவிடுவதே குறைந்த செலவு.

நோட்டில் ஒவ்வொரு வேலைக்கும் மாதத்தைக் குறித்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும். போகிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் முடித்த வீடுகளில் புகார் அதிகமாக இருக்கும், அவை மாசி, பங்குனியில் வரும். மார்கழியில் காலை ஒன்பது மணி வரை வெளிச்சுவர் பனியில் நனைந்திருக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அடித்த கோட்டு காயும் முன் மறுபடி பனி இறங்கும். பெயிண்டுக்குள் இருக்கும் சோப்பு போன்ற பொருள் வெளியே கசிந்து கோடு கோடாகத் தெரியும். உள்ளே பட்டி காயாமலே ப்ரைமர், ப்ரைமர் காயாமலே எமல்ஷன் என்று ஓட்டியிருப்பார்கள், ஏனென்றால் வீட்டுக்காரருக்குப் பொங்கல் பானை வைக்கும் முன் வீடு வேண்டும். அடுத்த வருடம் கார்த்திகைக்குப் பிறகு வரும் வெளிச்சுவர் வேலைகளைத் தை பத்துக்குப் பிறகு என்று தேதி போட்டு ஒத்துக்கொள்ளுங்கள். சில வேலை கைவிட்டுப் போகும். நோட்டில் அந்த வேலைகளின் லாபத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆள் கணக்கிலும் இதே மாதிரி ஒரு திட்டம் வேண்டும். உள்ளூர் ஆட்கள் பொங்கலுக்குப் போவார்கள், வட மாநிலத் தம்பிகள் தீபாவளி முடிந்து சத் பூஜைக்கும் பிறகு ஹோலிக்கும் போவார்கள். இரண்டு தரப்பும் கலந்த குழு என்றால் வேலை முழுதாக நிற்காது. ஆனால் அந்த வாரங்களில் பட்டி, சுரண்டல் மாதிரி வேலைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஃபைனல் கோட்டைக் கைதேர்ந்தவர் வரும் வரை தள்ள வேண்டும்.

இப்போது குடோன். மீந்த எமல்ஷனில் தண்ணீர் கலந்ததையும் கலக்காததையும் பிரியுங்கள். கலந்தது சில வாரத்தில் நாற்றம் அடிக்கும், பாக்டீரியா வேலை. சுவரில் அடித்தால் அறை முழுக்க அந்த வாடை நிற்கும். அதை வைத்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. கலக்காததை நைலான் துணியில் வடிகட்டி, வாய் வரை நிரம்பும் சின்ன டப்பாவுக்கு மாற்றினால் காற்று குறைந்து நன்றாக இருக்கும். வெளிர் நிற மிச்சங்களைச் சேர்த்துக் கலந்து மாடிப்படி அறை, வாட்ச்மேன் அறை என்று உள்பக்கமாகத் தீர்க்கலாம். உள்புற எமல்ஷனை வெளிச்சுவருக்குக் கலந்துவிடாதீர்கள், ஒரே மழைக்காலத்தில் காட்டிக்கொடுக்கும். எனாமல் டப்பாவின் விளிம்பைத் துடைத்து மூடியை இறுக்கித் தலைகீழாக வைத்தால் ஆடை அடியில் படியும். தேறாத பெயிண்டைச் சாக்கடையில் ஊற்றாமல் மணலோ மரத்தூளோ கொட்டிக் கட்டியாக்கி அப்புறப்படுத்துங்கள். லின்சீட் எண்ணெய் துடைத்த துணியை மூலையில் குவித்து வைக்கக் கூடாது, தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட வேண்டும். பட்டி மூட்டையில் தயாரித்த மாதத்தைப் பாருங்கள். பலகை மேல் அடுக்கியிருக்க வேண்டும். தரை ஈரம் ஏறிக் கட்டி தட்டியதைச் சலித்துப் பயன்படுத்துவது உரிவதற்கு விதை போடுவது.

ஸ்ப்ரே மிஷின் இருந்தால் அதற்குத்தான் முதல் மரியாதை. கடைசி வேலைக்குப் பிறகு தண்ணீர் விட்டுக் கழுவி அப்படியே வைத்திருந்தால் பம்புக்குள் துரு பிடித்து வால்வுக் குண்டு ஒட்டிக்கொள்ளும். கழுவிய பிறகு பம்ப் ஆர்மர் போன்ற சேமிப்புத் திரவத்தையோ டர்பன்டைனையோ ஓடவிட்டு வைக்க வேண்டும். ஃபில்டரையும் டிப்பையும் கழற்றிப் பாருங்கள்.

கயிற்றை முறுக்குப் பிரித்து உள்ளே பாருங்கள். நைலான் கயிறு வெயிலில் வெளுத்து, உள்ளே பொடி பொடியாக உதிர்ந்தால் வேறு யோசனை வேண்டாம், வெட்டித் துண்டாக்கி எறியுங்கள். முழுதாக வைத்தால் யாராவது சாரத்துக்குக் கட்டிவிடுவார்கள். வெளிச்சுவர் அடிக்கக் கயிற்றுத் தொட்டிலில் இறங்குபவருக்குத் தொட்டில் கயிறு தவிர, வேறு இடத்தில் கட்டிய உயிர்க்கயிறு தனியாக இருக்கிறதா என்பதையும் சரிபாருங்கள்.

பழைய கதவு, ஜன்னல்களை உலர்ந்தபடி உப்புத்தாள் போடும் வழக்கம் உங்கள் குழுவில் இருந்தால் இந்த வருடத்தோடு நிறுத்துங்கள். வீட்டு பெயிண்டுகளில் ஈயம் 90 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1-ல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய எனாமல் அடுக்குகளில் ஈயம் இருக்கலாம். தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், முகத்தில் கைக்குட்டைக்குப் பதில் என்95 மாஸ்க். பட்டித் தூசிக்கும் அதே மாஸ்க்தான்.

ஆட்களின் பெயர் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் இருக்கிறதா, அட்டை காலாவதி ஆகிவிட்டதா என்று கேளுங்கள். 1994-ல் தொடங்கிய வாரியம். 18 முதல் 60 வயது வரை பதியலாம், பெயிண்டர் வேலையும் அதில் அடக்கம். பெரும்பாலும் ஒரு தடவை பதிந்துவிட்டுப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள். விபத்து நடந்த பிறகுதான் அது தெரிய வரும்.

கடைக்காரரிடம் பாக்கிக் கணக்கை மார்ச் வரை தள்ளாமல் இப்போதே ஒத்துப் பார்த்து விடுங்கள். திருப்பிக் கொடுத்த திறக்காத டப்பாக்கள் கழிக்கப்பட்டனவா என்பதில்தான் வித்தியாசம் வரும். பெயிண்ட் வாளிக்குள் வரும் டோக்கனும் ஆப்பில் ஏறும் பாயின்டும் வருமானம்தான், அதையும் நோட்டில் எழுதுங்கள். வாளியைத் திறப்பவர் சட்டைப் பையில் அது போகிறதா, குழுவுக்கு வருகிறதா என்று முன்கூட்டியே பேசி வைத்தால் சண்டை மிச்சம். டோக்கனுக்காகப் பொருளைத் தேர்ந்தெடுக்கத் தொடங்கினால் அந்த லாபம் டச்சப்பில் போய்விடும்.

ஜிஎஸ்டியில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. கட்டடத்துக்குப் பொருளும் கூலியும் சேர்த்து எடுக்கும் பெயிண்டிங் சேவையாகத்தான் கருதப்படும். அதனால் பதிவு வரம்பு வருடத்துக்கு 20 லட்சம். பொருள் விற்பவர்களுக்கான 40 லட்சம் உங்களுக்குப் பொருந்தாது. பெயிண்ட் பணம் உங்கள் கை வழியே போனால் அதுவும் அந்த 20 லட்சத்தில் சேரும். வீட்டுக்காரர் நேராகக் கடையில் கட்டினால் சேராது. ஆறு பேர் குழுவுக்கு இந்த வேறுபாடு பெரிது. நோட்டில் மொத்தம் போட்டுப் பார்த்துவிட்டு ஆடிட்டரிடம் போங்கள்.

தை பிறந்ததும் கல்யாண வீடுகள் கூப்பிடும். புது கொட்டேஷன் தாளில் நாலு வரியைச் சேர்த்து இப்போதே அச்சடித்து வையுங்கள்: அளவு சதுர அடியில், சுரண்டல் தனி ரேட், ஓதச் சுவர் பொறுப்பில் இல்லை, சொன்ன விலை 30 நாளுக்கு மட்டும் செல்லும். ஆட்கள் திரும்பியதும் முதல் வேலையாகப் பெரிய வீட்டைப் பிடிக்காதீர்கள். நோட்டில் பாக்கி இருக்கும் டச்சப்புகளை ஒரே பகுதியாகச் சேர்த்து, இரண்டு பேரை இரண்டு நாள் அனுப்பி முடித்துவிட்டு, கடைசித் தவணையைக் கையோடு வாங்கி வரச் சொல்லுங்கள்.